பழைய அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்து வீரர் ஒருவரின் ஆட்டக் கணக்கைத் தொகுப்பது எப்படி

இங்கே கால்பந்து என்பது நீள்வட்டப் பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு ஓடும் அமெரிக்க ஆட்டம். 1869 நவம்பர் 6 அன்று நியூ பிரன்ஸ்விக்கில் ரட்கர்ஸ் பிரின்ஸ்டனை 6–4 என்று வென்றதைத்தான் இதன் முதல் கல்லூரிப் போட்டி என்பார்கள். அப்போது தொடங்கி 1912 வரைக்குமான ஆட்டக்காரர் ஒருவரைப் பற்றி எழுத உட்காருபவருக்கு முதல் சிக்கல், கையில் எடுக்க ஒரு பதிவேடு இல்லாததுதான். அதே காலத்துக் கிரிக்கெட்டுக்கு ஸ்கோர் கார்டு இருக்கிறது. இங்கே ஓடிய கஜம், பிடித்த ஆள், ஆடிய நிமிடம் எதையும் யாரும் முறையாகக் குறித்து வைக்கவில்லை. கிடைப்பதெல்லாம் மறுநாள் செய்தித்தாளில் வந்த ஆட்டக்காரர் வரிசை, மொத்தப் புள்ளி, டச்டவுன் (எதிரணியின் கோல் கோட்டுக்கு அப்பால் பந்தைக் கொண்டுசேர்ப்பது) போட்டவர் பெயர், அவ்வளவே. இவற்றை ஒவ்வொரு போட்டியாகக் கோர்த்தால்தான் ஆட்ட வாழ்வு உருப்பெறும். நாற்பது ஆண்டு கழித்து வந்த இரங்கல் குறிப்பிலிருந்து தொடங்கினால் புராணம்தான் மிஞ்சும்.

விளக்கத்துக்கு யேல் கல்லூரியின் கார்டு (முன்வரிசையில் நடு ஆட்டக்காரருக்குப் பக்கத்தில் நிற்பவர்), பட்ஜ் ஹெஃபல்ஃபிங்கரை எடுத்துக்கொள்வோம். முழுப் பெயர் வில்லியம் வால்ட்டர் ஹெஃபல்ஃபிங்கர். பிறப்பு 1867 டிசம்பர் 20, மினியாபொலிஸ். யேலுக்கு ஆடியது 1888 முதல் 1891 வரை நான்கு பருவங்கள்.

ஆள் யார் என்பதை முதலில் உறுதிசெய்யுங்கள்

அன்றைய செய்தித்தாள் குடும்பப் பெயரை மட்டும்தான் போடும். ஹெஃபல்ஃபிங்கர் என்ற பெயரில் குழப்பம் வராது. ஆனால் ‘போ’ என்று இருந்தால்? பிரின்ஸ்டனில் போ குடும்பத்துச் சகோதரர்கள் ஆறு பேரும் ஆடினார்கள். எழுத்தாளர் எட்கர் ஆலன் போவின் உறவினர்கள் அவர்கள். ஒருவருக்கு அந்தப் பெயரே. 1889 அணியின் குவார்ட்டர்பேக் (பந்தை முதலில் வாங்கிப் பிறருக்குக் கொடுப்பவர்) இந்த எட்கர் ஆலன். பின்னாளில் மேரிலாந்தின் அட்டர்னி ஜெனரல் ஆனார். 1898இலும் 1899இலும் யேலைத் தோற்கடித்த ஆட்டங்களின் நாயகன் ஆர்தர். 1915இல் பிரிட்டிஷ் பிளாக் வாட்ச் படையில் இருந்து லூஸ் போரில் இறந்தவர் ஜானி. ஒருவரின் டச்டவுனை இன்னொருவர் கணக்கில் ஏற்றிவிடுவது மிகச் சுலபம்.

ஆகவே போட்டிகளைத் தொடும் முன் நான்கு விவரங்களைப் பிடித்துவிடுங்கள்: முழுப் பெயர், பிறந்த ஊரும் நாளும், கல்லூரிக்கு முன் படித்த ஆயத்தப் பள்ளி, கல்லூரியில் எந்த ஆண்டு வகுப்பு. கல்லூரிகள் வெளியிட்ட வகுப்பு வரலாற்று நூல்களில் இவை கிடைக்கும். யேல், ஹார்வர்ட், பிரின்ஸ்டன் மூன்றும் இதில் தாராளம். மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 1890 ஏட்டைத் தேட வேண்டாம். பெரும்பகுதி 1921ஆம் ஆண்டு வாஷிங்டன் தீவிபத்தில் பாழாகிவிட்டது. 1880ஐயும் 1900ஐயும் பாருங்கள். 1900 ஏட்டில் பிறந்த மாதமும் ஆண்டும் தனித்தனியாக இருப்பது பெரிய வசதி. 1918 செப்டம்பரில் 18 முதல் 45 வயது வரையிலான ஆண்கள் ராணுவப் பதிவு அட்டை நிரப்பினார்கள். ஹெஃபல்ஃபிங்கருக்கு அப்போது 50, அதனால் அட்டை இல்லை. 1873க்குப் பின் பிறந்தவருக்கு இருக்க வாய்ப்புண்டு.

வகுப்பு ஆண்டையும் ஆட்டப் பருவத்தையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள். யேலின் ஷெஃபீல்ட் அறிவியல் பள்ளியில் படிப்பு மூன்றாண்டுதான். அங்கே படித்தவர் நான்கு பருவம் ஆடியிருக்கிறாரே என்று திகைக்க வேண்டாம். முதலாண்டு மாணவர் ஆடுவதும், பட்டம் பெற்றவர் மேற்படிப்பில் சேர்ந்து தொடர்ந்து ஆடுவதும் அன்று சகஜம். மேற்கத்திய மாநாடு என்ற கூட்டமைப்பின் கல்லூரிகள் 1906இல்தான் முதலாண்டு மாணவரையும் பட்டதாரிகளையும் விலக்கி, மூன்று பருவம் என்று வரம்பு கட்டின.

தாளில் கட்டம் போடுங்கள்

ஒரு போட்டிக்கு ஒரு வரி. தேதி, எதிரணி, மைதானம், புள்ளி, நம் ஆள் நின்ற இடம், தொடக்கத்திலிருந்தே ஆடினாரா இடையில் வந்தாரா, போட்ட டச்டவுன், உதைத்த கோல், கடைசியாக எந்தத் தாளின் எந்தத் தேதி இதழில் பார்த்தது. கடைசிப் பத்தியை நிரப்பாத வரியை எண்ணிக்கையில் சேர்க்காதீர்கள்.

யேல் 1888இல் 13, 1889இல் 16, 1890இல் 14, 1891இல் 13 போட்டிகள் ஆடியது. ஆக 56 வரிகள். எல்லா வரியிலும் ஹெஃபல்ஃபிங்கர் இருப்பார் என்று முன்கூட்டியே நிரப்பிவிடக் கூடாது. செப்டம்பர், அக்டோபரில் சிறிய கல்லூரிகளோடு நடந்த ஆட்டங்களில் முதல்தர ஆட்டக்காரர்களை உட்கார வைப்பது உண்டு. 1888 பருவம் முழுக்க யேல் 698 புள்ளி எடுத்து ஒன்றும் விட்டுக்கொடுக்கவில்லை. 1891இல் 488க்குச் சுழியம். இப்படிப்பட்ட பருவத்தில் எத்தனை ஆட்டம் பயிற்சிக்குச் சமமாக இருந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. நான்கு பருவத்தில் தோல்வி இரண்டே: 1889இல் பிரின்ஸ்டனிடம் 10–0, 1890இல் ஹார்வர்டிடம் 12–6. அந்த இரண்டு வரிகளையும் முதலில் நிரப்புங்கள். பெரிய போட்டி என்பதால் செய்தி விரிவாக இருக்கும், ஆட்டக்காரர் பெயர்களின் எழுத்துக்கூட்டலும் பிடிபடும்.

செய்தித்தாளில் தேடும் முறை

அமெரிக்க காங்கிரஸ் நூலகத்தின் ‘க்ரானிக்ளிங் அமெரிக்கா’ தொகுப்பு இலவசம். யேல், ஹார்வர்ட், பிரின்ஸ்டன் மாணவர் நாளிதழ்களின் பழைய இதழ்களும் இணையத்தில் உள்ளன. ஸ்பால்டிங் நிறுவனம் ஆண்டுதோறும் போட்ட கால்பந்துக் கையேடுகள் இன்டர்நெட் ஆர்க்கைவ், ஹாதிட்ரஸ்ட் போன்ற இடங்களில் கிடைக்கும். அந்தந்தப் பருவத்து விதிகளும் முடிவுகளும் அவற்றில் இருக்கும்.

ஆட்டம் பெரும்பாலும் சனிக்கிழமை. ஞாயிறு இதழ் உள்ள தாளில் மறுநாளே வரும். மாணவர் நாளிதழில் திங்களன்று. நன்றி கூறும் நாள் ஆட்டம் வியாழன், செய்தி வெள்ளி. தேதி தெரிந்தால் தேடுபொறியை நம்பாமல் நேராக அந்தப் பக்கத்தைப் புரட்டுவதே வேகம். பொடி எழுத்தில் அச்சான ஆட்டக்காரர் வரிசையைக் கணினி தப்பும் தவறுமாகத்தான் படித்திருக்கும். ஹெஃபல்ஃபிங்கர் போன்ற நீண்ட பெயர் வரி முனையில் இரண்டாக உடைந்து கிடக்கும். முழுப் பெயரைப் போட்டுத் தேடினால் பாதிக்கு மேல் நழுவும்.

பெயருக்குப் பதிலாகச் சூழலைத் தேடுங்கள். அன்று ‘ஃபுட் பால்’ என்று இரண்டு சொல்லாக எழுதினார்கள். அணியை ‘இலெவன்’ என்றார்கள். ‘யேல் இலெவன்’ என்று தேடினால் நிறைய விழும். பிரின்ஸ்டனின் அதிகாரப்பூர்வப் பெயர் 1896 வரை நியூ ஜெர்சி கல்லூரி. பிட்ஸ்பர்க் நகரின் ஆங்கில எழுத்துக்கூட்டலில் கடைசி ‘ஹெச்’ 1890களிலிருந்து 1911 வரை அரசு ஆவணங்களில் இல்லை. இரண்டு விதமாகவும் தேட வேண்டும். அலெகெனி அப்போது தனி நகரம், 1907இல்தான் பிட்ஸ்பர்க்கோடு சேர்ந்தது.

ஒரு போட்டிக்கு இரண்டு தாள்களாவது பாருங்கள், முடிந்தால் இரு தரப்பு ஊரிலிருந்தும் ஒவ்வொன்று. ஒரே தந்தி நிறுவனச் செய்தி பத்துத் தாளில் வந்திருந்தால் அது பத்துச் சான்று ஆகாது.

வரிசையைப் படிப்பதில் உள்ள பொறிகள்

இரண்டு அணிப் பெயர்கள் இரு ஓரத்திலும், நடுவில் ஆட்ட இடமும் அச்சிடப்பட்டிருக்கும். நடுவில் ‘லெஃப்ட் கார்டு’ என்று இருந்தால் அது இடப்பக்க அணிக்கு. எதிரெதிராக நிற்பவர்களை ஒரே வரியில் போடும் தாளில், வலப்பக்க அணிக்காரர் ரைட் கார்டு. எல்லாத் தாளும் இப்படிச் செய்யாது. சில தாள்கள் இடத்துக்கு இடம் என்றே போடும். வேறொரு போட்டியின் வரிசையோடு ஒப்பிட்டுப் பார்த்தபின் இடம் வலம் எழுதுங்கள். ஐயம் இருந்தால் வெறும் ‘கார்டு’ என்று எழுதினால் குடி முழுகிப் போகாது. 1880களின் தாள்களில் ‘ரஷர்ஸ்’ (முன்வரிசைக்காரர்கள்) என்று ஏழு பெயர்களைக் கொட்டியிருப்பார்கள். அதில் யார் டேக்கிள், யார் எண்ட் என்று ஊகித்து நிரப்பாதீர்கள்.

வெளியே போனவர் அதே ஆட்டத்தில் திரும்பி வர 1910க்கு முன் வழியில்லை. எனவே ‘காயத்தால் வெளியேறினார்’ என்று ஒரு பத்தியிலும், அடுத்த பத்தியில் அதே பெயர் பந்தோடு ஓடுவதாகவும் இருந்தால் நிருபர் ஆளை மாற்றிப் பார்த்திருக்கிறார். மற்றத் தாளைப் பாருங்கள்.

கார்டு டச்டவுன் போட்டதாகச் செய்தி வந்தால் அச்சுப் பிழை என்று தள்ளிவிடாதீர்கள். வரிசையில் நிற்பவரைப் பின்னுக்கு இழுத்துப் பந்தை அவர் கையில் கொடுத்து ஓடவிடுவது அன்றைய நடைமுறை. பென்சில்வேனியா பல்கலைக்கழகம் கார்டுகளைப் பின்னால் நிறுத்தியே ஓர் ஆட்ட முறையை அமைத்தது. மாறாக, குவார்ட்டர்பேக் முன்வரிசைக் கோட்டினை நேராகத் தாண்டி ஓடி டச்டவுன் போட்டார் என்று 1890களின் செய்தி சொன்னால் சந்தேகப்படுங்கள். பந்தை முதலில் வாங்குபவர் அப்படி ஓடக் கூடாது என்ற விதி 1903இல்தான் ஓரளவு தளர்ந்தது. அந்தக் குவார்ட்டர்பேக்கின் டச்டவுன் பெரும்பாலும் நழுவிய பந்தை எடுத்து ஓடியதாகவோ எதிரணி உதைத்த பந்தைப் பிடித்து ஓடியதாகவோ இருக்கும். முன்னோக்கிப் பந்தை வீசுவது சட்டப்படி வந்தது 1906இல். அதற்கு முன் ‘பாஸ்’ என்று வருவதெல்லாம் பின்னுக்கோ பக்கவாட்டிலோ கொடுத்தது.

ஆட்ட நேரமும் ஒரே அளவு அல்ல. 1894 வரை பாதிக்கு 45 நிமிடம், பிறகு 35, 1906 முதல் 30, 1910 முதல் 15 நிமிடக் கால்பகுதி நான்கு. இவை உச்ச அளவுகள். கேப்டன்கள் பேசிக்கொண்டு சிறு போட்டிகளைக் குறைத்துக்கொள்வார்கள்.

ஆட்டக்காரரின் எடையை வரிசையோடு சேர்த்து அச்சிடுவார்கள். ஒரே பருவத்தில் ஒரே ஆளுக்குத் தாளுக்குத் தாள் பத்துப் பவுண்டு மாறும். எந்தத் தாள் என்று குறிப்பிட்டு எழுதுங்கள், சராசரி எடுக்காதீர்கள்.

புள்ளியைப் பிரித்துப் பார்ப்பது

இதில்தான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள், அதனால் கொஞ்சம் நிதானமாக. இன்றைய 6 புள்ளியை அன்றைய டச்டவுனுக்குக் கொடுத்துக் கூட்டினால் எதுவும் பொருந்தாது. காலவாரியாக மதிப்பு இப்படி:

1883: டச்டவுன் 2, அதை ஒட்டி உதைக்கும் கோல் 4, ஃபீல்ட் கோல் (ஆட்டத்தின் நடுவே உதைத்துப் போடுவது) 5, சேஃப்டி (ஓர் அணி தன் கோல் கோட்டுக்குப் பின்னால் பந்தோடு மடக்கப்பட்டால் எதிரணிக்குக் கிடைப்பது) 1.
1884 முதல்: டச்டவுன் 4, அடுத்த கோல் 2, ஃபீல்ட் கோல் 5, சேஃப்டி 2.
1890களின் கடைசியிலிருந்து: டச்டவுன் 5, அடுத்த கோல் 1, மற்றவை முன்போலவே.
1904இல் ஃபீல்ட் கோல் 4, 1909இல் 3.
1912இல் டச்டவுன் 6.

1883க்கு முன் புள்ளி என்பதே இல்லை, கோல் எண்ணிக்கையும் டச்டவுன் எண்ணிக்கையும்தான். அந்த ஆண்டுகளுக்குப் பின்னாளில் யாரோ புள்ளி போட்டுக் கொடுத்த அட்டவணை கிடைத்தால் ஒதுக்கிவிட்டு, தாளில் உள்ளபடி ‘இரண்டு கோல், ஒரு டச்டவுன்’ என்றே எழுதுங்கள்.

1884க்கும் 1890களின் கடைசிக்கும் இடையில் ஒரு நல்ல சோதனை உண்டு. 4, 2, 2 எல்லாம் இரட்டைப்படை, ஃபீல்ட் கோல் மட்டும் ஒற்றை. ஆக ஓர் அணியின் மொத்தம் ஒற்றைப்படையில் முடிந்தால் அங்கே ஃபீல்ட் கோல் கட்டாயம் இருக்க வேண்டும். செய்தியில் அது இல்லையென்றால் ஏதோ விடுபட்டிருக்கிறது.

இரட்டைப்படை மொத்தம் இவ்வளவு நேர்மையாக இருக்காது. 10 என்பது 6ம் 4ம் சேர்ந்ததா, இரண்டு ஃபீல்ட் கோலா? 12 என்பது கோலோடு இரண்டு டச்டவுனா, கோல் இல்லாமல் மூன்றா? செய்தியைப் படித்தே தீர்க்க வேண்டும். டச்டவுனும் ஃபீல்ட் கோலும் இரண்டுமே 5 ஆக இருந்த 1903 வரையான சில ஆண்டுகள் இன்னும் மோசம். 1899இல் பிரின்ஸ்டன் யேலை 11–10 என்று வென்றது. கடைசியில் ஆர்தர் போ ட்ராப் கிக்காக (பந்தைத் தரையில் விழவிட்டு எழும்போது உதைப்பது) போட்ட ஃபீல்ட் கோல்தான் வெற்றியைத் தந்தது என்பதைப் புள்ளியை மட்டும் வைத்து யாராலும் சொல்ல முடியாது.

டச்டவுன் போட்டவரும் கோல் உதைத்தவரும் வேறு வேறு ஆட்கள். ஆறு புள்ளியையும் ஓடியவர் கணக்கில் எழுதுவது அடிக்கடி காணும் தவறு.

‘ஆல் அமெரிக்கா’ என்று எழுதும் முன்

ஒரு பருவத்தில் நாட்டின் சிறந்த பதினொருவர் என்று தேர்ந்தெடுக்கப்பட்டவர்களை இப்படிச் சொல்வார்கள். யார் தேர்ந்தெடுத்த பட்டியல், எந்த ஆண்டு என்ற இரண்டும் இல்லாமல் இந்தச் சொல்லைப் போடாதீர்கள். முதல் பட்டியல் 1889இல் கேஸ்பர் விட்னியின் பத்திரிகையில் வந்தது. ஆட்ட விதிகளை உருவாக்கியவர்களில் முதன்மையான வால்ட்டர் கேம்ப்புக்கும் அதில் பங்குண்டு. பிறகு கேம்ப் ஆண்டுதோறும் தன் பெயரில் வெளியிட்டார். விட்னியும் மற்றவர்களும் தனித்தனியாகப் போட்டார்கள். ஹெஃபல்ஃபிங்கர் 1889, 1890, 1891 மூன்றிலும் இடம்பெற்றார்.

1889 பட்டியலின் பதினொருவரில் பிரின்ஸ்டன் 5, யேல் 3, ஹார்வர்ட் 3. வேறு எந்தக் கல்லூரிக்கும் இடமில்லை. தேர்ந்தெடுத்தவர்கள் பார்த்த ஆட்டங்கள் கிழக்குக் கரையில் நடந்தவை. கேம்ப்பின் முதல் அணியில் மேற்கத்தியக் கல்லூரி ஆட்டக்காரர் ஒருவர், சிகாகோவின் கிளாரன்ஸ் ஹெர்ஷ்பெர்கர், நுழைய 1898 ஆனது. உங்கள் ஆள் மிச்சிகனிலோ மினசோட்டாவிலோ ஆடியவரானால் பட்டியலில் இல்லாததை அவர் தரத்துக்குச் சான்றாகக் கொள்ளக் கூடாது.

கல்லூரி மாறியவர்கள்

திடீரென ஒரு பருவம் காணாமல் போனால் வேறு கல்லூரியில் தேடுங்கள். வில்லியம் ஹென்றி லூயிஸ் ஆம்ஹெர்ஸ்ட்டில் ஆடி 1891இல் கேப்டனாக இருந்தார். பிறகு ஹார்வர்ட் சட்டப் பள்ளியில் சேர்ந்து 1892, 1893இல் சென்டராக (முன்வரிசையின் நடு ஆட்டக்காரர்) ஆல் அமெரிக்கா ஆனார். அந்தப் பட்டியலில் இடம்பெற்ற முதல் கறுப்பின ஆட்டக்காரர் அவர். ஆம்ஹெர்ஸ்ட்டை விட்டுவிட்டு ஹார்வர்டை மட்டும் எழுதுபவர்கள் அவருடைய ஆட்ட வாழ்வில் பாதிக்கு மேல் வெட்டிவிடுகிறார்கள்.

ஒரே ஒரு ஆட்டத்துக்காக மாறியவர்களும் உண்டு. ஃபீல்டிங் யோஸ்ட் 1896இல் மேற்கு வர்ஜீனியாவில் படித்துக்கொண்டிருந்தபோதே லஃபாயெட் கல்லூரியில் ‘சேர்ந்து’, பென்சில்வேனியாவை லஃபாயெட் 6–4 என்று வீழ்த்திய போட்டியில் ஆடிவிட்டு ஊர் திரும்பினார். இப்படிப்பட்ட ஆளுக்குக் கல்லூரிப் பதிவேடு உதவாது, செய்தித்தாள்தான்.

பணம் வாங்கினாரா?

விளையாட்டுச் சங்கங்கள் செலவுத் தொகை மட்டுமே தரலாம் என்பது விதி. அதைச் சுற்றிப் போக வழிகளும் இருந்தன. ஆட்டம் முடிந்ததும் பரிசாக ஒரு கடிகாரம் தருவார்கள், ஆட்டக்காரர் அதை அடகு வைப்பார், சங்கமே அடகுச் சீட்டை வாங்கி மீட்கும், அடுத்த வாரம் அதே கடிகாரம் மறுபடி பரிசாக வரும்!

1892 நவம்பர் 12 அன்று அலெகெனி அத்லெடிக் அசோசியேஷன், பிட்ஸ்பர்க் அத்லெடிக் கிளப்பை 4–0 என்று வென்றது. அந்த நான்கும் ஹெஃபல்ஃபிங்கரின் டச்டவுன். அடுத்த கோல் தவறிப்போனது. அலெகெனியின் செலவுத் தாளில் அவருக்கு ஆடியதற்காக 500 டாலர் ரொக்கம் என்று தனி வரி இருக்கிறது; அது போகவும் சங்கத்துக்கு 621 டாலர் மிஞ்சியது. அந்தத் தாள் இன்று ஓஹையோவின் கேன்டனில் உள்ள தொழில்முறைக் கால்பந்து அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அது வெளிச்சத்துக்கு வந்தது 1954இல் அவர் இறந்தபிறகு. அதுவரை 1895இல் லட்ரோப் அணிக்கு 10 டாலர் வாங்கிய ஜான் பிராலியரைத்தான் முதல் தொழில்முறை ஆட்டக்காரர் என்று எல்லோரும் எழுதினார்கள். செய்தித்தாளில் இந்தச் செய்தி கிடைக்காது; சங்கங்களின் வரவுசெலவு ஏடு, கூட்டக் குறிப்பு இரண்டையும் உள்ளூர் வரலாற்றுச் சங்கங்களில் கேளுங்கள். ஏட்டில் வரி இருந்தால் தொகையோடு எழுதுங்கள். வதந்தி மட்டும் இருந்தால் அன்று எந்தத் தாள் குற்றம் சாட்டியது என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஆடி முடித்தபின்

பயிற்சியாளர் வேலை அன்று செப்டம்பர் முதல் நவம்பர் வரைக்குமான பருவக் கூலி. ஹெஃபல்ஃபிங்கர் 1893இல் கலிஃபோர்னியா, 1894இல் லீஹை, 1895இல் மினசோட்டா என்று ஆண்டுக்கொரு இடம். மற்றவர்கள் விஷயத்தில் ‘யேல் பயிற்சியாளர்’ என்று இரங்கல் குறிப்பில் கண்டால் நிறுத்திப் பாருங்கள். பெரிய போட்டிக்கு முந்தைய வாரம் பழைய மாணவர்கள் மைதானத்துக்கு வந்து கற்றுக்கொடுப்பது யேலில் வழக்கம். ஒரு வார உதவி பின்னாளில் தலைமைப் பயிற்சியாளர் பதவியாகிவிடும்.

குழுப் படம் கிடைத்தால் நடுவில் பந்தை வைத்திருப்பவர் பெரும்பாலும் கேப்டன். பந்தின்மேல் ஆண்டோ புள்ளியோ எழுதியிருக்கும். படத்துக்குக் கீழே உள்ள பெயர் வரிசையை அப்படியே நம்பாமல், தனிப்படம் உள்ள இருவரையாவது முகம் பார்த்து அடையாளம் கண்டபின் மற்றவர்களை எண்ணுங்கள். வரிசை இடவலம் மாறி அச்சான படங்கள் நிறைய. அமெரிக்காவில் வெளியாகி 95 ஆண்டு கடந்த படத்துக்குக் காப்புரிமை இல்லை. ஆனால் அன்று எடுத்தும் வெளியிடாமல் குடும்பத்து ஆல்பத்தில் கிடந்த படத்துக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. எடுத்தவர் யார், அவர் எப்போது இறந்தார் என்று பார்த்துவிட்டுப் பயன்படுத்துங்கள்.